டம்ளரில் வந்த வாடை

ஐப்பசி மழை நாலு நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகள் தண்ணீர் டம்ளரை வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டு அப்படியே மேடையில் வைத்தாள். “அப்பா, தண்ணி நாறுது.”

கேன் தண்ணீர். முந்தின நாள்தான் வந்திருந்தது. நானும் ஒரு வாய் குடித்தேன். ஏதோ இருக்கத்தான் செய்தது. கடைக்குப் போன் செய்து வேறு கேன் போடச் சொன்னேன். அந்தத் தண்ணீரும் நாறியது. ஆனால் கேனைச் சாய்த்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்தால் ஒரு வாடையும் இல்லை. அதற்கப்புறம்தான் காலி டம்ளரை மூக்கருகே கொண்டுபோகத் தோன்றியது.

ஆம்லெட் போட்ட கரண்டியின் வாடை பாதி, மழையில் காயாமல் மடித்து வைத்த துணியின் வாடை பாதி. எங்கள் வீட்டில் இதைக் கவுச்சி என்போம். ஆனால் முட்டையோ மீனோ சமைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. டம்ளருக்குச் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவினேன். வாடை கூடியது. இன்னொரு முறை தேய்த்தேன். இன்னும் கூடியது. கையில் இருந்த ஸ்பாஞ்சை முகர்ந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது அத்தனையும்.

மஞ்சள் ஸ்பாஞ்சின் முதுகில் பச்சை நார் ஒட்டிய வழக்கமான ரகம் அது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா, மகளுடைய பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். ஒரு மாதத்துக்கு அந்த வேலை என்னுடையது. மனைவிக்கு இரவுப் பணி. அக்கா இருந்தவரை அந்த ஸ்பாஞ்சு எப்போது வாங்கியது, ராத்திரி எங்கே கிடக்கிறது என்றெல்லாம் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது சிங்க்கின் ஓரத்தில் சோப்பு டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கும். டப்பாவுக்குள் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். சோப்பு அந்தத் தண்ணீரில் கரைந்து களியாகி இருக்கும். இதையெல்லாம் கண் பார்த்திருக்கிறது, மனசில் பதியவில்லை.

அன்று முழுக்க அதைத் தொடவில்லை. சாயங்காலம் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினேன். வெளியே மஞ்சள் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. நடுப்பகுதி மட்டும் சாம்பல் நிறம். துளைகளுக்குள் ஊறி வெளுத்த சோற்றுப் பருக்கை, தேங்காய்த் துருவல், ஒரு கடுகு, ஒரு நீளமான முடி, கையில் வழுக்கும் சோப்புப் படிவு. காலையிலிருந்து சும்மா கிடந்த ஸ்பாஞ்சை விரலால் அழுத்தியபோது நீர் கசிந்து சொட்டியது. இதைக் கொண்டுதான் மகளுடைய டிபன் டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் சில வாரம் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். 2017இல் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளை வாங்கி உள்ளே என்ன இருக்கிறது என்று மரபணு வழியாகப் பார்த்தார்கள். 362 வகைப் பாக்டீரியாக்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 5,400 கோடி. ஒரு சர்க்கரைக்கட்டி அளவு இடம்தான் கன சென்டிமீட்டர். அதில் அதிகமாக இருந்தவற்றில் பெரும்பாலானவை, சாப்பிட்டவுடனே வயிற்றைக் கலக்கும் கிருமிகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துவது என் நோக்கமே இல்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நோய் தரக்கூடியவற்றின் உறவினங்கள் அங்கே நிறைய இருந்தன. வீட்டில் கைக்குழந்தையோ, சர்க்கரை நோய் முற்றிய பெரியவரோ, சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் இது அலட்சியம் செய்யக்கூடிய சேதி இல்லை.

என்னை நிறுத்தியது அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர்: மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். ஈரத்துணி சரியாகக் காயாதபோது எழும் நாற்றத்துக்கு இதுதான் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். டம்ளரை முகர்ந்தபோது காயாத துணி என்று என் மூக்கு சொன்னது சும்மா இல்லை. துணியிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருப்பது ஒரே ஆள்.

அந்த ஜெர்மன் ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. சில வீடுகளில் ஸ்பாஞ்சைக் கொதிக்க வைத்தோ மைக்ரோவேவில் சூடாக்கியோ சுத்தம் செய்துவந்திருக்கிறார்கள். அந்த ஸ்பாஞ்சுகளிலும் பாக்டீரியா எண்ணிக்கை குறைவாக இல்லை. மொராக்செல்லாவின் பங்கு கூடியிருந்தது. இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஒரு கணக்கும் உண்டு. 2007இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் ஸ்பாஞ்சை இறைச்சிக் கரைசலில் இரண்டு நாள் ஊறவைத்து, சுத்தம் செய்யும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஈரமான ஸ்பாஞ்சை மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தால் 99.99999 சதவீதம் செத்துப்போகிறது. குளோரின் கரைசலிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைத்தால் 37இலிருந்து 87 சதவீதம்தான்.

இரண்டும் உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சூடு கொல்லும், அந்த ஒரு நாளுக்கு. ஆனால் 5,400 கோடியில் கோடிக்கு ஒன்று தப்பினாலும் ஆயிரக்கணக்கில் மிச்சம். அதற்குச் சாப்பாடும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது, அடுப்படியின் வெதுவெதுப்பும் இருக்கிறது. தோதான இடத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் பாக்டீரியாக்கள் உண்டு. நானே ஒரு புது ஸ்பாஞ்சை வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பார்த்தேன். மூன்றாம் வாரத்தில் கொதித்த ரெண்டாவது நாளே வாடை வந்துவிட்டது. (மைக்ரோவேவில் வைப்பவர்கள் ஸ்பாஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஸ்பாஞ்சு உள்ளே தீப்பிடித்துவிடும். எஃகு நாரை அதற்குள் வைக்கவே கூடாது.)

அப்படியானால் என்னதான் செய்வது? எனக்கு வழி காட்டியது நார்வேயில் நடந்த வேலை. அங்கே நொஃபிமா என்ற உணவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நார்வேக்காரர்கள் பாத்திரம் கழுவக் கைப்பிடி வைத்த பிரஷ் பயன்படுத்துகிறவர்கள். போர்ச்சுகலில் ஸ்பாஞ்சுதான் வழக்கம். அந்த நிறுவனத்தார் இரு நாட்டு வீடுகளிலிருந்தும் இவற்றை வாங்கி ஒப்பிட்டார்கள். சோதனைக்கூடத்தில், வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை இரண்டிலும் தடவி விட்டார்கள். ராத்திரி காயவிட்ட பிரஷ்ஷில் அது செத்துப்போயிற்று. ஸ்பாஞ்சில் உயிரோடு இருந்தது. பிரஷ்ஷின் மயிர்களுக்கு இடையே காற்று புகுந்து போகிறது, ஸ்பாஞ்சின் வயிற்றுக்குள் போவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். மருந்து கிடையாது, கொதிநீர் கிடையாது. காய்ந்தது, செத்தது.

இதைப் படித்த இரவு அப்பத்தா வீட்டு ஞாபகமாகவே இருந்தது.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே பாத்திரம் தேய்ப்பது என்று சொல்ல மாட்டார்கள், ஏனம் விளக்குவது என்பார்கள். பல்லையும் விளக்குவார்கள், ஏனத்தையும் விளக்குவார்கள். விளங்கவைப்பது, பளிச்சென்று தெரியவைப்பது. அந்தச் சொல்லின் மேல் எனக்கு ரொம்பப் பிரியம். அப்பத்தா கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து விளக்குவார். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் அடுப்புச் சாம்பல், பித்தளைக்குத் தனியாகப் பழைய புளி. கையில் தேங்காய் நாரைப் பிய்த்துச் சுருட்டிய ஒரு பந்து. சாம்பலில் இருக்கும் காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். புளியின் அமிலம் பித்தளையின் கறுப்பை எடுக்கும். விளக்கி முடித்ததும் நார்ப்பந்தைக் கிணற்றுநீரில் ரெண்டு அலசு அலசி, பிழிந்து, கிணற்றுச் சுவரின் மேல் எறிந்துவிட்டுப் போவார். நாங்கள் தாயக்கட்டம் ஒரு ஆட்டம் ஆடி முடிப்பதற்குள் அது முறுகக் காய்ந்து கிடக்கும். கையில் குத்தும். நாலைந்து நாளில் நார் நைந்துபோனால் அடுப்பில் போட்டுவிட்டு வேறு நார் பிய்த்துக்கொள்வார்.

அந்தக் காலத்து முறை எல்லாமே சுத்தம் என்று பேச எனக்கு விருப்பமில்லை. அதே கிணற்றடியில் சாம்பல் தீர்ந்த நாளில் தரையிலிருந்து மண்ணை அள்ளித் தேய்த்ததையும் பார்த்திருக்கிறேன். ஆடும் கோழியும் சிறுபிள்ளைகளும் உலவும் மண்ணில் குடல்புழுவின் முட்டை இருக்கும். அது நல்ல பழக்கம் இல்லை. ஆனால் நார் விஷயத்தில் அந்த வீடு எங்கள் அடுக்ககத்தைவிட நன்றாக இருந்தது. அதற்குக் காரணம் சிவகங்கை வெயில், காற்றுப் புகும் நார், காசு கொடுக்காமல் கிடைத்ததால் யோசிக்காமல் தூக்கிப்போட முடிந்தது, இந்த மூன்றும்தான். நாங்கள் சென்னைக்கு வந்து வெயிலையும் விட்டோம், நாரையும் விட்டோம். காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட மனசு வராமல் வைத்துக்கொண்டோம்.

எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு எதிரே பக்கத்து அடுக்ககத்தின் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அங்கே வெயில் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியே தண்ணீர் விட்டுக்கொள்ளும். இந்த இடத்தில் எது காயும் என்று பார்க்க, கொடியில் நாலு ரகத்தை வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். எல்லாவற்றையும் ராத்திரி ஒன்பது மணிக்கு நன்றாக அலசிப் பிழிந்தேன். நைலான் வலை நார், அதாவது ஊடும் பாவும் தெரியும் மெல்லிய வலை, பதினொரு மணிக்குக் காய்ந்துவிட்டது. தேங்காய் நார் விடிந்து காபி போடும்போது காய்ந்திருந்தது. பீர்க்கங்காய்க் கூடு காலையில் வெளியே காய்ந்தும் மடிப்புக்குள் கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. ஸ்பாஞ்சு மறுநாள் மத்தியானம் அழுத்தினாலும் கையை நனைத்தது. ஒருநாளைக்கு மூன்று வேளை பாத்திரம் விழும் வீட்டில், ஸ்பாஞ்சுக்குக் காய நேரமே கிடையாது.

அன்றோடு எங்கள் வீட்டில் ஸ்பாஞ்சு கிடையாது.

இப்போது அன்றாடத்துக்கு வலை நார். அடிப்பிடித்த சட்டிக்கும் இரும்புக் கல்லுக்கும் தேங்காய் நார். எஃகுக் கம்பி நாரை நிறுத்திவிட்டேன். அது துரு ஏறாது, சீக்கிரம் காயும், நல்ல பொருள்தான். ஆனால் தோசைமாவும் முட்டையும் அதன் சுருளுக்குள் சிக்கினால் எடுக்க முடியாது, கம்பி உடைந்து துண்டு துண்டாக விழும். ஒருநாள் மகளின் தயிர்சாதத்தில் அரை அங்குலக் கம்பியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அது வேண்டாம்.

நார் எதுவானாலும், சிக்கலின் பாதி அதற்குள் சாப்பாடு போவதில்தான் இருக்கிறது. எச்சில் தட்டை வழித்து, கையாலேயே ஒரு முறை தண்ணீரில் அலசிவிட்டு, அப்புறம் நாரைத் தொடுகிறேன். முட்டை, பால், மாவு ஒட்டிய பாத்திரத்துக்கு முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். வெந்நீர் பட்டால் அதெல்லாம் இறுகி ஒட்டிக்கொள்ளும், நாருக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும். வரிசையும் உண்டு: முதலில் டம்ளர், பிறகு தட்டு, கிண்ணம், கடைசியில்தான் எண்ணெய்ச் சட்டி. பச்சைக் கோழியோ மீனோ வைத்த பாத்திரத்துக்கும் அரிவாள்மணைக்கும் தனி நார். அது சிவப்பு. அந்த நாரை வேலை முடிந்ததும் கொதிநீரில் போடுகிறேன். அரிவாள்மணையைக் கழுவிய நாரோடு டம்ளருக்குப் போனால் கோழியின் கிருமியைக் குடிக்கிற தண்ணீருக்குக் கொண்டுவருகிறோம் என்று அர்த்தம்.

முடிந்ததும் நாரைக் குழாயடியில் நன்றாக விரித்து அலச வேண்டும். சோப்பு நுரை மிச்சம் இருக்கக் கூடாது. சோப்பு இருந்தால் கிருமி வராது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பாத்திரச் சோப்பின் வேலை பிசுக்கையும் அதோடு ஒட்டிய கிருமியையும் பரப்பிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு போகவிடுவது. அது கிருமிகொல்லி மருந்து கிடையாது. நீர்த்துப்போன சோப்புத் தண்ணீரில் கிருமி நிம்மதியாக வாழும். அதனால் கிண்ணத்தில் சோப்பு நீரைக் கரைத்து, நாரை அதிலேயே போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே விட்டுவிடுங்கள். கட்டிச் சோப்புக்கு அடியில் ஓட்டை போட்ட டப்பா வேண்டும். எங்கள் டப்பாவில் கம்பியைச் சூடாக்கி நாலு ஓட்டை நானே போட்டேன்.

நார் தொங்கும் இடம் இப்போது குழாயின் கழுத்து. துணிக் கிளிப் ஒன்றால் ஓரத்தைக் கவ்வித் தொங்கவிட்டால் சொட்டு சிங்க்கிலேயே விழும், நாலா பக்கமும் காற்று படும். ஒட்டும் கொக்கிகளை நம்பி ரெண்டு தடவை ஏமாந்தேன், ஈரச் சுவரில் அவை நிற்பதில்லை. ரெண்டு வலை நார் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம், ஒன்று ஈரத்தில் இருக்கும்போது மற்றது காய. காலையில் ஒன்று பால்கனிக்குப் போய்விடும். மாதத்தில் ரெண்டு தடவை புது நார். வாடை வந்துவிட்டால் தேதி பார்ப்பதில்லை.

குளோரின் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. சோற்றுப் பசையும் எண்ணெயும் இருக்கும் நாரில் குளோரினின் பலம் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ப்ளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பொசுக்கிவிடும். சிறிய அடுப்படியில் ஜன்னலும் சாத்தியிருந்தால் ஆபத்து அதிகம்.

நாரைச் சரிசெய்த பிறகும் தட்டுகளில் லேசான வாடை இருந்தது. இந்தத் தடவை துணி. எங்கள் வீட்டுக் கரித்துணி ஒன்றே ஒன்றுதான். அதுவே குக்கரை இறக்கும், மேடையில் சிந்திய குழம்பைத் துடைக்கும், கை துடைக்கும், கழுவிய தட்டையும் துடைக்கும். மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் புழங்கிய 100 அடுப்படித் துணிகளைச் சோதித்து, 2018இல் முடிவைச் சொன்னார்கள். 49 துணிகளில் பாக்டீரியா வளர்ந்தது. பல வேலைக்கு ஒரே துணியைப் பயன்படுத்திய வீடுகளிலும், துணி ஈரமாகவே கிடந்த வீடுகளிலும்தான் அதிகம். அசைவம் சமைக்கும் வீடுகளில் குடல்வழிக் கிருமிகள் கூடுதலாக இருந்தன. மொரீசியஸில் வெயிலும் கடல்காற்றின் ஈரமும் நம் ஊர்க் கடற்கரையைப் போலத்தான். அங்கே தமிழ் வழிக் குடும்பங்களும் நிறைய உண்டு. அந்த அடுப்படிகளை என்னால் கண்ணால் பார்க்க முடிகிறது.

கழுவிய பாத்திரத்தைத் துடைக்கவே வேண்டாம் என்பது என் முடிவு. கூடையில் கவிழ்த்தால் தானே காயும். கூடைக்குக் கீழே இருக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை மட்டும் தினமும் கொட்டிவிட வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் அந்த வழுவழுப்பே கிருமிகள் கட்டிக்கொண்ட வீடு. சிங்க்கின் ஓட்டைமேல் இருக்கும் ஜாலியும் அப்படித்தான், அதைப் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். மேடை துடைக்க அப்பாவின் நைந்த வேட்டியைக் கிழித்துப் பன்னிரண்டு துண்டு போட்டோம். மெல்லிய பருத்தி ஒரு மணி நேரத்தில் காய்கிறது. ராத்திரி அன்றைய துண்டுகளைத் துவைக்கப் போட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சலவைச் சோடா போட்டுப் பழைய குண்டானில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து மொட்டைமாடியில் உலர்த்துகிறேன். ஊரில் வெள்ளாவி வைப்பார்கள். உவர்மண் கரைசலில் முக்கிய துணிகளை அடுக்கி, அடியில் தீ மூட்டி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவிட்டு, மறுநாள் ஆற்றுமணலில் விரிப்பார்கள். காரம், சூடு, வெயில் மூன்றையும் வரிசையாகக் கொடுத்த அந்த வேலையின் அருமை குண்டானைக் கிளறும்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே சாப்பிடும் இடங்களிலும் இப்போது என் கண் சிங்க் பக்கம்தான் போகிறது. அமெரிக்காவின் உணவகச் சுகாதார விதித்தொகுப்பு, கழுவிச் சுத்தப்படுத்திய பரப்பில் ஸ்பாஞ்சு படவே கூடாது என்கிறது. கையால் கழுவும் இடத்தில் மூன்று தொட்டி கேட்கிறது: சோப்புக்கு ஒன்று, அலச ஒன்று, கடைசியாகக் கிருமி நீக்க ஒன்று. கடைசித் தொட்டி வெந்நீர் என்றால் 77 டிகிரி சூட்டில் 30 விநாடி. எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரே வாளித் தண்ணீரில்தான் எல்லாக் கண்ணாடிக் கிளாசும் முங்கி எழும். ஆனால் டீ ஆற்றுகிறவர் ஒவ்வொரு கிளாசையும் பாய்லர் குழாயில் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் டீ ஊற்றுவார். அந்த ஒரு சுடுதண்ணீருக்காகவே நான் அங்கே குடிக்கிறேன்.

அக்கா ஊரிலிருந்து திரும்பியபோது வீட்டுக்குள் ஏறியதும் குழாயில் தொங்கும் நாரைப் பார்த்தார். “என்னா தம்பி, நாரை இங்க தொங்கவுட்டுருக்கீங்க?” சொன்னேன். வாடை, டம்ளர், வெட்டிப் பார்த்தது எல்லாவற்றையும். அவர் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. “அது நாறிப் பல நாளாச்சே,” என்றார்.

“சொல்லியிருக்கலாமே அக்கா? மாத்தியிருப்போமே.”

“நீங்க மாத்துவீங்க தம்பி. முன்னாடி ஒரு வீட்ல கேட்டேன், போன மாசந்தானே குடுத்தோம்னு சொன்னாங்க. அதுலேர்ந்து நா எந்த வீட்லயும் கேக்குறதில்ல.”

அப்போது அவருடைய வலதுகை மோதிர விரலில் நகத்தின் ஓரம் வீங்கிச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு ராத்திரி படுத்தாராம். டாக்டர் கையை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஒருநாளைக்கு நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற கை அது. ஓயாமல் நீரில் இருக்கும் கையில் நகத்துக்கும் தோலுக்கும் இடையே உள்ள ஒட்டு ஊறி விட்டுப்போகும், அந்த இடுக்கில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். நாலு வீட்டு ஸ்பாஞ்சையும் அந்த இடுக்கோடுதான் அவர் தினமும் பிழிந்துகொண்டிருந்தார். எங்களுக்கு டம்ளரில் கொஞ்சம் வாடை வந்தது, ஒரு மாதத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். அவர் மூக்கு அதை எத்தனையோ வருஷமாக அறிந்திருக்கிறது, சொல்லத்தான் இடமில்லை. இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பொருளை இன்னொருவர் கேட்டு வாங்க வேண்டும் என்று வைத்திருந்தோமே, அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

கையுறை வாங்கிக் கொடுத்தோம். உள்ளே பருத்தித் துணி வைத்த ரகம். முதலில் வழுக்குகிறது என்று கழற்றிவிட்டார், இப்போது அடிப்பிடித்த சட்டிக்கு மட்டும் போடுகிறார். பாத்திரத்தை வழித்து அலசித்தான் சிங்க்கில் போடுவது என்று வீட்டில் மூன்று பேரும் பழகிக்கொண்டோம். அதில் அவர் கை தண்ணீரில் இருக்கும் நேரம் கால்வாசியாவது குறைந்திருக்கும்.

கரண்டி மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் வலை நார் பத்து வாங்கித் தொங்கவிட்டேன். எப்போது வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது எடுத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். முதல் தடவை பழைய நாரை என்னிடம் கொண்டுவந்து காட்டி, “இத மாத்தவா தம்பி?” என்று கேட்டார். ரெண்டாவது தடவையும் கொண்டுவந்து காட்டினார். போன செவ்வாய்க்கிழமை நான் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தபோது கொக்கியில் ஒரு நார் குறைந்திருந்தது. குப்பைக்கூடையில் பழையது கிடந்தது. குழாயில் புது நார் கிளிப்பில் தொங்கிக் காய்ந்திருந்தது.